எய்ஜி சவாமுரா: போர் மூணு தடவை கூப்பிட்ட ஒரு பிட்சர்

ஜப்பான்ல பேஸ்பால் பாக்குற யாரைக் கேட்டாலும் சவாமுராங்குற பேரு தெரியும். வருஷா வருஷம் அங்க சிறந்த ஸ்டார்ட்டிங் பிட்சருக்கு, அதாவது மேட்ச்சை ஆரம்பிச்சுப் பந்து போடுறவருக்கு, குடுக்குற விருது அவரு பேர்ல தான் இருக்கு. பேஸ்பால்ல மேட்ச்சோட வெற்றி தோல்வியைப் பிட்சர் பேர்லயும் எழுதுவாங்க. ஆனா அவரோட கணக்கை எடுத்துப் பார்த்தா மொத்தமே 63 வெற்றி, 22 தோல்வி தான். அதே டீம்ல அவரோட சேர்ந்து போட்ட விக்டர் ஸ்டார்ஃபின் 303 மேட்ச் ஜெயிச்சவரு. 303 ஜெயிச்சவரை விட்டுட்டு 63 ஜெயிச்சவரு பேர்ல ஏன் விருதுன்னு முதல்ல படிச்சப்ப எனக்கு ஒண்ணும் புரியல, அப்புறம் வருஷம் வருஷமா அவரு ரெக்கார்டைப் பிரிச்சுப் பார்த்தப்ப தான் அந்த 63-க்கு நடுவுல எத்தனை ஓட்டை இருக்குன்னு தெரிஞ்சுது. 1938 காலி, 1939 காலி, 1942 காலி. 1944-க்கு அப்புறம் ஆளே இல்ல.

இந்தக் கதையை எல்லாரும் ரெண்டு நாளை வச்சு சொல்லி முடிச்சுடுவாங்க. 1934-ல அமெரிக்க பேஸ்பால் சூப்பர் ஸ்டார் பேப் ரூத்தை அவுட் ஆக்குன நாள், 1944-ல கப்பல் முழுகுன நாள். எனக்கு அந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற பத்து வருஷம் தான் முக்கியமா படுது. ஏன்னா கப்பல் முழுகுறதுக்கு ரொம்ப முன்னாடியே அந்த பிட்சர் முடிஞ்சு போயிட்டாரு, அது எப்படி நடந்துச்சுன்னு படிப்படியா பார்க்க முடியும்.

பேஸ்பால் பழக்கம் இல்லாதவங்களுக்கு ரெண்டு வரி சொல்லிடுறேன். பிட்சர்னா நம்ம பௌலர் மாதிரி, ஆனா கிரிக்கெட்ல ஓடி வந்து கையை நீட்டி வச்சுப் போடுவோம், பந்தும் பெரும்பாலும் தரையில குத்திப் போகும், இங்க நின்ன இடத்துல இருந்து ஒரே ஒரு அடி எடுத்து வச்சு கையை மடக்கி சாட்டை மாதிரி சொடுக்கி நேரா போடணும், வேகம் முழுக்க கால்ல ஆரம்பிச்சு இடுப்பு வழியா தோளுக்கு வரணும். அதனால ஒரு பிட்சரோட சொத்துன்னா அந்த ஒரு தோள், ஒரு முழங்கை தான். ஹிட்னா பந்தை அடிச்சுட்டு பேஸுக்கு, அதாவது ஓடித் தொட வேண்டிய இடத்துக்கு, பத்திரமா போய்ச் சேருறது. நோ ஹிட்டர்னா எதிர் டீம்ல ஒருத்தர் கூட முழு மேட்ச்லயும் ஒரு ஹிட் அடிக்க முடியாம பண்றது, சில பெரிய பிட்சருங்களுக்கே வாழ்க்கையில ஒண்ணு கூட அமையாது. சவாமுரா மூணு போட்டிருக்காரு. இன்னொண்ணு ஈஆர்ஏ, 9 இன்னிங்ஸுக்கு, அதாவது ஒரு முழு மேட்ச்சுக்கு, சராசரியா அந்த பிட்சர் பொறுப்புல எத்தனை ரன் போச்சுங்குற கணக்கு. 3-க்குக் கீழ இருந்தா நல்ல பிட்சர், 2-க்குக் கீழ இருந்தா அபூர்வம்.

1917 பிப்ரவரி 1-ல மியே மாகாணத்துல உஜியமாடாவுல பிறந்தாரு, இப்ப அந்த ஊரை இசேன்னு சொல்றாங்க, பெரிய ஷிண்டோ கோயில் இருக்குற ஊர். படிச்சது கியோட்டோவுல ஒரு வணிகப் பள்ளி. பள்ளிக்கூட பசங்க ஆடுற கோஷியென் போட்டியில பேரு வாங்கிட்டாரு. பந்து போடும்போது இடது காலை தலை உயரத்துக்குத் தூக்கிட்டு அப்படியே முன்னாடி பாயுற ஸ்டைல், பழைய போட்டோவுல பார்த்தாலே தெரியும், அந்தக் கால் தான் அவரோட அடையாளம்.

இப்ப 1934-க்கு வரணும். யோமியூரி ஷிம்புன் பத்திரிகை முதலாளி மட்சுதாரோ ஷோரிகி அமெரிக்காவுல இருந்து ஒரு ஆல் ஸ்டார் டீமைக் கூட்டிட்டு வராரு. பேப் ரூத், லூ கெஹ்ரிக், ஜிம்மி ஃபாக்ஸ், சார்லி கெஹ்ரிங்கர், எல்லாரும் அந்த ஆட்டத்துல பெரிய பேருங்க, மேனேஜர் கோனி மேக். இவங்களை எதிர்த்து ஆட ஜப்பான்ல ஒரு டீம் வேணும், ஆனா அப்ப அங்க புரொஃபஷனல் லீக் கிடையாது, நல்லா ஆடுறவங்க எல்லாம் காலேஜ்லயும் பள்ளிக்கூடத்துலயும் தான் இருந்தாங்க. அங்க தான் சிக்கல். 1932-ல கல்வி அமைச்சகம் ஒரு உத்தரவு போட்டிருந்துச்சு, மாணவர்கள் புரொஃபஷனல் டீமோட ஆடக் கூடாதுன்னு. படிப்பு கெடக் கூடாது, விளையாட்டை வச்சு யாரும் காசு பார்க்கக் கூடாதுங்குற எண்ணத்துல வந்த உத்தரவு. ஆனா அதோட விளைவு என்னன்னா, ரூத்தை எதிர்த்துப் பந்து போடணும்னா ஒரு பையன் முதல்ல மாணவனா இருக்குறதை விட்டாகணும். கேயோ பல்கலைக்கழகத்துக்குப் போற பேச்சு இருந்துச்சு, அதை விட்டுட்டு 17 வயசுல சவாமுரா பள்ளியை விட்டு வெளிய வந்தான். குடும்பத்துக்குக் காசும் தேவைப்பட்டுச்சு. அந்த நேரத்துல அது பெரிய விஷயமா யாருக்கும் படல. இந்த ஒரு முடிவு மட்டும் ஞாபகத்துல இருக்கட்டும், பின்னாடி அவ்வளவும் இது மேல தான் வந்து விழும்.

1934 நவம்பர் 20, ஷிசுவோகாவுல குசனாகி மைதானம். பையன் பந்து போடுறான். கெஹ்ரிங்கர், ரூத், கெஹ்ரிக், ஃபாக்ஸ், நாலு பேரையும் வரிசையா ஸ்ட்ரைக் அவுட் பண்றான். ஸ்ட்ரைக்னா பேட்டர் அடிக்கத் தவறுன சரியான பந்து, மூணு ஆனா ஸ்ட்ரைக் அவுட். கிரிக்கெட்ல இதுக்கு உவமை தேடினா, ஸ்கூல் டீம்ல இருந்து நேரா வந்த ஒரு பையன் உலகத்துலயே பெரிய நாலு பேட்ஸ்மேனை அடுத்தடுத்து க்ளீன் போல்ட் எடுத்தா எப்படி இருக்கும், அது தான். 8 இன்னிங்ஸ் போட்டு 9 ஸ்ட்ரைக் அவுட், 5 ஹிட் மட்டும் குடுத்தான். 7-வது இன்னிங்ஸ்ல கெஹ்ரிக் ஒரே ஒரு ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்சாரு, மேட்ச் 1-0-ன்னு போச்சு. வளைஞ்சு போற கர்வ் பால் போடும்போது பையன் வாயை ஒரு மாதிரி கோணுறான், அதைப் பார்த்து அமெரிக்கக்காரங்க கண்டுபிடிச்சாங்கன்னு ஒரு கதை உண்டு, வெயில் கண்ணுல அடிச்சுது அதான் பந்து தெரியலன்னு இன்னொரு கதையும் உண்டு.

இதையும் மறைக்காம சொல்லணும், அந்தச் சுற்றுப்பயணத்துல அவன் போட்ட மத்த மேட்ச்ல எல்லாம் நல்லா அடி வாங்கினான். அமெரிக்க டீம் ஜப்பான் டீமோட ஆடுன ஒரு மேட்ச்ல கூடத் தோக்கல. ஆனா ஷிசுவோகா ஒரு நாள் போதும், தோத்த மேட்ச்சை வச்சு ஒரு நாடே ஒருத்தனைத் தூக்கிக் கொண்டாடுச்சுன்னா அந்த நாடு அப்ப எதுக்கு ஏங்கிட்டு இருந்துச்சுன்னு புரிஞ்சுக்கலாம்.

அந்த ஏக்கத்துக்கு இன்னொரு முகமும் இருந்துச்சு. சில மாசத்துலயே, 1935 பிப்ரவரியில, தீவிர தேசியவாதி ஒருத்தன் ஷோரிகியை வாளால வெட்டினான். மெய்ஜி கோயில் பேர்ல இருக்குற மைதானத்துல வெளிநாட்டுக்காரங்களை ஆட விட்டதும் அவன் சொன்ன காரணங்கள்ல ஒண்ணு. ஷோரிகி பிழைச்சுட்டாரு.

1934 டிசம்பர்ல அந்த ஜப்பான் டீமையே வச்சு ஒரு புரொஃபஷனல் கிளப் ஆரம்பிச்சாங்க, அது தான் இன்னைக்கு யோமியூரி ஜயன்ட்ஸ். லீக் இல்லாததால 1935-ல அமெரிக்காவுக்கே கப்பல் ஏறிப் போய் ஊர் ஊரா ஆடுனாங்க, சவாமுராவை அங்க ஸ்கூல்பாய்னு கூப்பிட்டாங்க. 1936-ல ஜப்பான்ல லீக் வந்துச்சு, ஏழு டீம். அந்த வருஷம் செப்டம்பர் 25-ல கோஷியென் மைதானத்துல ஒசாகா டைகர்ஸை எதிர்த்து சவாமுரா நோ ஹிட்டர் போட்டாரு, ஜப்பான் புரொஃபஷனல் பேஸ்பால்ல அது தான் முதல். டிசம்பர்ல அதே டைகர்ஸோட சாம்பியன்ஷிப் முடிவாகுற மூணு மேட்ச், டோக்கியோவுல கடலோரமா இருந்த சுசாகி மைதானத்துல. 9, 10, 11 தேதி, தொடர்ந்து மூணு நாள், மூணு நாளும் சவாமுரா பந்து போட்டாரு. அதுல டைகர்ஸோட மசாரு ககெயுரா அவரு பந்துல ஒரு பெரிய ஹோம் ரன் அடிச்சது இன்னைக்கும் பேசப்படுற விஷயம். கடைசியில ஜயன்ட்ஸ் ரெண்டு, டைகர்ஸ் ஒண்ணு. ககெயுராவையும் பின்னாடி போர் எடுத்துக்கும், அது 1945-ல.

அப்புறம் 1937 வசந்த கால சீசன். 24 வெற்றி, 4 தோல்வி, ஈஆர்ஏ 0.81, 196 ஸ்ட்ரைக் அவுட். மே 1-ல மறுபடி டைகர்ஸ் மேல ரெண்டாவது நோ ஹிட்டர். லீக்கோட முதல் எம்விபி, அதாவது சீசனோட மிகச் சிறந்த ஆட்டக்காரருக்கான விருது. வயசு 20. இதோட இன்னொரு எண்ணையும் சேர்த்துப் படிக்கணும். டீம் அந்த சீசன்ல ஆடுனது 56 மேட்ச், அவரு போட்டது 244 இன்னிங்ஸ். அதாவது டீமோட மொத்தப் பந்து வீச்சுல கிட்டத்தட்ட பாதி ஒரே ஆளு. இன்னைக்கு எந்த டீமும் ஒரு 20 வயசுக்காரரை இப்படிப் போட விடாது. அதே வருஷம் இலையுதிர் கால சீசன்ல 9 வெற்றி, 6 தோல்வி, ஈஆர்ஏ 2.38. மோசம்னு சொல்ல முடியாது, ஆனா வசந்த காலத்தோட வச்சுப் பார்த்தா மூணு மடங்கு. இது ராணுவத்துக்குப் போறதுக்கு முன்னாடி. அதனால அவரு கை கெட்டதுக்கு ராணுவம் மட்டும் தான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், களைச்சுப் போன ஒரு தோளைத் தான் ராணுவம் வாங்கிக்குச்சு, ஓய்வு குடுத்திருந்தா அது திரும்பி இருக்கும்னு மட்டும் நம்புறேன்.

ஓய்வுக்கு வழி இல்லாமப் போனது ஏன்னு இப்ப பார்க்கணும். அன்னைய ஜப்பான்ல ஆம்பளைங்க 20 வயசுல ராணுவப் பரிசோதனைக்குப் போயாகணும். உடம்பு நல்லா இருந்தா முதல் தரம்னு முத்திரை, அடுத்த ஜனவரியில படையில சேரணும். நாட்டுலயே சிறந்த விளையாட்டு வீரரோட உடம்பு எந்தத் தரத்துல வரும்னு சொல்லத் தேவையில்ல. ஆனா இதுல ஒரு வழி இருந்துச்சு, உயர்கல்வி படிக்குற மாணவர்களுக்குத் தள்ளிவைப்பு உண்டு, படிப்பு முடியுற வரைக்கும் கூப்பிட மாட்டாங்க. இதைத் தெரிஞ்சு வச்சிருந்த பேஸ்பால் ஆட்டக்காரங்க பல பேரு பல்கலைக்கழகங்கள்ல இரவு வகுப்புல பேரைப் பதிஞ்சு வச்சுக்கிட்டாங்க, பகல்ல மேட்ச், ராத்திரி கணக்குக்கு மாணவன். கிளப்புங்களும் இதுக்கு உதவியா இருந்துச்சு. சவாமுராவால இதைச் செய்ய முடியல. பல்கலைக்கழகத்துல சேரணும்னா பள்ளிப் படிப்பு முடிச்ச சான்றிதழ் வேணும், அவரு கிட்ட அது இல்ல, ரூத்தை எதிர்த்துப் போடுறதுக்காகப் பள்ளியைப் பாதியில விட்டவரு.

மாணவர்களைக் காப்பாத்துறேன்னு வந்த 1932 உத்தரவு, அவனை மாணவனா இல்லாம ஆக்குச்சு. மாணவனா இல்லாததால 1938 ஜனவரியில 33-வது காலாட்படை ரெஜிமென்ட்ல சேர்ந்து சீனாவுக்குப் போனாரு. ஷிசுவோகாவுல நடந்த அந்த ஒரு மத்தியானத்துக்கு அவரு குடுத்த விலை என்னன்னு அப்ப தான் தெரிய வந்துச்சு.

சீனாவுல மூணு விஷயம் நடந்துச்சு. இடது கையில குண்டு பட்டுச்சு. மலேரியா வந்துச்சு, அது வந்தவங்களுக்குத் தெரியும், போனாலும் திரும்பத் திரும்ப வரும். மூணாவது தான் பிட்சரைக் கொன்னது, கையெறி குண்டு. நல்லா பந்து போடுறவன்னு தெரிஞ்சா அதிகாரிங்க என்ன பண்ணுவாங்க, குண்டை எறியச் சொல்லுவாங்க, போட்டி வச்சு எறியச் சொல்லுவாங்க, மத்தவங்களுக்குக் காட்டச் சொல்லுவாங்க. பேஸ்பால் எடை சுமார் 145 கிராம். ஜப்பான் ராணுவத்தோட கையெறி குண்டு சுமார் 450 கிராம். மூணு மடங்கு. அதே தோளு, அதே சொடுக்கு, ஆனா மூணு மடங்கு எடையை அதே பலத்தோட எறியணும், பேஸ்பால்ல தயாரான கையால கண்டிப்பா இன்னும் தூரமா எறியத் தான் தோணும். தோள்ல இருக்குற சின்னச் சின்ன தசைங்க எல்லாம் அந்த 145 கிராமுக்குப் பழகி நிக்குறது, அது மேல இந்த எடையை ஏத்துனா கிழியும். இன்னைக்கு பிட்சருங்களுக்குப் பயிற்சியில கனமான பந்து குடுத்தா கூட எத்தனை தடவைன்னு எண்ணித் தான் குடுக்குறாங்க. அங்க எண்ண யாரு இருந்தா.

அவரு இல்லாத அந்த ரெண்டு வருஷத்துல ஜயன்ட்ஸ்ல யாரு போட்டாங்கன்னா, ஸ்டார்ஃபின். 1939-ல மட்டும் 42 வெற்றி. இவரு ரஷ்யாவுல பிறந்தவரு, புரட்சி சமயத்துல குடும்பம் தப்பிச்சு ஜப்பானோட வடக்குல அசாஹிகாவாவுக்கு வந்துச்சு, அங்க வளர்ந்தாரு. இவரும் அதே 1934-ல பள்ளியை விட்டுட்டு அந்த டீமுக்கு வந்தவரு தான், இவரு கிட்டயும் சான்றிதழ் இல்ல. ஆனா இவரு எந்த நாட்டுக் குடிமகனும் இல்ல, நாடற்றவரு, அதனால ராணுவம் இவரைக் கூப்பிட முடியாது. இவருக்கும் சுகமா ஒண்ணும் இல்ல, 1940-ல பேரை சுதா ஹிரோஷின்னு மாத்திக்க வச்சாங்க, 1944-ல டீமை விட்டு விலக்கி கருயிசாவாவுல வெளிநாட்டுக்காரங்களோட அடைச்சு வச்சாங்க. ஆனா உயிரோட இருந்தாரு, கையும் முழுசா இருந்துச்சு, 1955-ல ஜப்பான்லயே முதல் ஆளா 300 வெற்றியைத் தொட்டாரு. ரெண்டு பேரும் ஒரே வயசுக்காரங்க, ஒரே டீம், ஒரே வருஷம் பள்ளியை விட்டவங்க. ஒருத்தர் கிட்ட எந்த நாட்டுக் காகிதமும் இல்ல, அது அவரைக் காப்பாத்துச்சு, இன்னொருத்தர் கிட்ட ஒரு பள்ளிக்கூடக் காகிதம் மட்டும் இல்ல. 303-க்கும் 63-க்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்துல திறமையோட பங்கு எவ்வளவுன்னு இதுக்கு மேல நான் என்ன சொல்ல.

1940-ல சவாமுரா திரும்பி வந்தாரு. அந்தக் காலை தூக்கிப் போடுற ஓவர்ஹேண்ட் வேகம் போயிடுச்சு, தோளுக்கு மேல கையைக் கொண்டு வந்தா வலி. அதனால பக்கவாட்டுல இருந்து போடுற சைட் ஆர்முக்கு மாறுனாரு. 23 வயசுல ஒரு பிட்சர் தன்னோட முழு உடம்பு அசைவையும் மறந்துட்டு புதுசா கத்துக்குறதுன்னா, நல்லா பாடுற ஒருத்தருக்குக் குரல் உடைஞ்சு போய் வேற சுருதியில பாடப் பழகுற மாதிரி. அப்படிப் பழகி, 1940 ஜூலை 6-ல நிஷினோமியா மைதானத்துல நகோயாவை எதிர்த்து மூணாவது நோ ஹிட்டர் போட்டாரு. எனக்கு மூணுலயும் பெரிசு இது தான். முதல் ரெண்டும் கடவுள் குடுத்த கையால போட்டது, மூணாவது மிச்சம் இருந்த கையை வச்சு, பேட்டர் என்ன நினைக்கிறான்னு யோசிச்சு, பந்தை எங்க வைக்கணும்னு பார்த்துப் பார்த்துப் போட்டது. அந்த வருஷம் 7 வெற்றி, 1 தோல்வி. 1941-ல 9 வெற்றி, 5 தோல்வி, ஈஆர்ஏ 2.05. போர்க்காலத்துல பந்தோட தரமும் குறைஞ்சு போச்சு, அடிச்சா தூரம் போகாது, எல்லா பிட்சருங்களோட எண்ணும் நல்லா தெரியுற காலம் அது, அதைக் கழிச்சுத் தான் அந்த 2.05-ஐப் படிக்கணும். இருந்தாலும் இவரு மீண்டு வந்துட்டாருன்னு தான் நான் சொல்லுவேன். 1941-ல கல்யாணமும் ஆச்சு.

அதே வருஷம் அக்டோபர்ல ரெண்டாவது அழைப்பு. டிசம்பர்ல பேர்ல் ஹார்பர், அவரு போனது பிலிப்பைன்ஸ், மிண்டனாவோ தீவு. 1943 ஆரம்பத்துல திரும்புனாரு.

அவரு திரும்பி வந்த பேஸ்பாலே வேற மாதிரி ஆயிருந்துச்சு. எதிரி மொழின்னு சொல்லி இங்கிலீஷ் வார்த்தை எல்லாத்தையும் எடுத்துட்டாங்க. ஸ்ட்ரைக்குக்கு யோஷி, அதாவது சரி. அவுட்டுக்கு ஹிகே, அதாவது விலகு. டீம் பேரெல்லாம் மாறிடுச்சு, ஜயன்ட்ஸ் வெறும் கியோஜின், டைகர்ஸ் வெறும் ஹான்ஷின். ஆட்டக்காரங்க தலையில ராணுவத் தொப்பி, மேட்ச் நாள்ல மைதானத்துலயே கையெறி குண்டு எறியுற போட்டி நடத்துன காலம் அது. இவரு தோளை வாங்குன அதே குண்டு, இப்ப ரசிகருங்க முன்னாடி.

சவாமுராவால இப்ப சைட் ஆர்ம்லயும் முடியல, கை இன்னும் கீழ இறங்கிடுச்சு. 1943-ல நாலே மேட்ச்ல தான் போட்டாரு, வெற்றி ஒண்ணும் இல்ல, 3 தோல்வி, ஈஆர்ஏ 10.64. கடைசியா பந்து போட்டது ஜூலை 6, ஹான்ஷினை எதிர்த்து. மூணு இன்னிங்ஸ்ல 8 பேரைப் பந்து சரியா விழாம இலவசமா பேஸுக்கு அனுப்புனாரு, 5 ரன் போச்சு, இறக்கிட்டாங்க. தேதியைக் கவனிச்சீங்களா, மூணாவது நோ ஹிட்டர் போட்டு சரியா மூணு வருஷம். ஒரு பிட்சருக்கு அடி வாங்குறது கூடப் பெரிய வலி இல்ல, பந்தை நினைச்ச இடத்துல வைக்க முடியலங்குறது தான் முடிவு. அதுக்கப்புறம் அக்டோபர் 24-ல ஒரு தடவை பேட் பண்ண மட்டும் அனுப்புனாங்க, பந்து மூணாவது பேஸ் பக்கம் கோட்டுக்கு வெளிய ஃபவுலா எகிறிப் போச்சு, அதைப் பிடிச்சுட்டாங்க. அது தான் அவரோட கடைசி ஆட்டம். 1944 ஆரம்பத்துல ஜயன்ட்ஸ் அவரை விடுவிச்சுடுச்சு. அந்தக் கிளப்போட முதல் மேட்ச்ல இருந்து கூட இருந்தவரு.

அதே 1943 அக்டோபர்ல இன்னொண்ணும் நடந்துச்சு. மாணவர்களுக்கு இருந்த அந்தத் தள்ளிவைப்பையும் அரசாங்கம் எடுத்துடுச்சு. 21-ஆம் தேதி டோக்கியோவுல மெய்ஜி கோயிலோட வெளித் தோட்டத்துல இருக்குற ஸ்டேடியத்துல கொட்டுற மழையில மாணவர்களைத் துப்பாக்கியோட அணிவகுக்க வச்சு அனுப்புனாங்க. இரவு வகுப்புல பேரைப் பதிஞ்சு தப்பிச்ச ஆட்டக்காரங்களும் அதோட போனாங்க. அதுல ஒருத்தர் நகோயா டீமோட ஷினிச்சி இஷிமாரு, அந்த வருஷம் 20 மேட்ச் ஜெயிச்ச பிட்சர், அக்டோபர் 12-ல நோ ஹிட்டர் போட்டவரு. 1945 மே 11-ல விமானத் தற்கொலைத் தாக்குதல் படையில போய் இறந்தாரு. கிளம்புறதுக்கு முன்னாடி கூட இருந்தவங்க கையுறையை வச்சுக்கிட்டு நிக்க, பத்து ஸ்ட்ரைக் போட்டுட்டுப் போனாருன்னு சொல்லுவாங்க. அதனால சவாமுரா கிட்ட அந்தச் சான்றிதழ் இருந்திருந்தா பிழைச்சிருப்பாருன்னு உறுதியா சொல்ல முடியாது. ஆனா 1938-ல இருந்து 1943 வரைக்கும், 21 வயசுல இருந்து 26 வரைக்கும், ஒரு பிட்சருக்கு இருக்குற நல்ல வருஷம் அத்தனையும் அவருக்குக் கிடைச்சிருக்கும். அதுவே எவ்ளோ பெரிசு.

போர்னா எல்லா பிட்சருக்கும் இதே கதியான்னு கேட்டா, இல்ல. அந்தப் பக்கம் அமெரிக்காவுல பாப் ஃபெல்லர் இருந்தாரு, சவாமுராவை விட கிட்டத்தட்ட ரெண்டு வயசு சின்னவரு, அவரும் பள்ளி வயசுலயே உச்சத்துக்குப் போனவரு. பேர்ல் ஹார்பர் நடந்த உடனே தானா போய்க் கடற்படையில சேர்ந்தாரு, அப்பா உடம்பு சரியில்லாததால போகாம இருக்க உரிமை இருந்தும் போனாரு. அலபாமா போர்க்கப்பல்ல பீரங்கிக் குழுவுல நிஜமாவே சண்டையில இருந்தவரு, சும்மா போஸ்டருக்கு நின்னவரு இல்ல. கிட்டத்தட்ட நாலு சீசன் போச்சு. ஆனா 1945-ல கை முழுசா திரும்பி வந்தாரு, 1946-ல 26 வெற்றி, 348 ஸ்ட்ரைக் அவுட், மொத்தம் 266 வெற்றியோட முடிச்சாரு. கப்பல்ல இருந்தப்பவும் அவரு பேஸ்பாலைத் தான் எறிஞ்சுக்கிட்டு இருந்தாரு, குண்டை இல்ல. ஒரு தடவை போனாரு, ஒரு தடவை வந்தாரு. அமெரிக்கப் பெரிய லீக்ல ஆடுனவங்கள்ல ஐநூறு பேருக்கு மேல அந்தப் போருக்குப் போனாங்க, இறந்தது ரெண்டு பேரு. ஜப்பான்ல அந்தச் சின்ன லீக்ல இருந்து இறந்தவங்க அறுபதுக்கும் மேல. அங்க பேரு பெத்த ஆட்டக்காரங்களைப் பெரும்பாலும் படைவீரர் முன்னாடி பேஸ்பால் ஆட வச்சாங்க, இங்க முதல் தரம்னு முத்திரை குத்தி காலாட்படைக்கு அனுப்புனாங்க, உடம்பு தேறி வந்தா மறுபடி அனுப்புனாங்க.

1944 அக்டோபர் 2-ல மூணாவது அழைப்பு வந்துச்சு. அப்ப வீட்டுல கைக்குழந்தை. மறுபடி பிலிப்பைன்ஸுக்குத் தான், ஆனா 1944 கடைசியில அந்தக் கடல் முழுக்க அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்கள், ஜப்பான்ல இருந்து தெற்கே கிளம்புற கப்பல் போய்ச் சேருறதே அதிசயம். டிசம்பர் 2-ல, கியூஷுவுக்குத் தெற்கே யாகுஷிமா தீவு பக்கம், சவாமுரா இருந்த கப்பலை டார்பிடோ அடிச்சு முழுகடிச்சுது. கப்பலோட பேரு ஹவாய் மாரு. அவருக்கு வயசு 27.

1947-ல ஜயன்ட்ஸ் சவாமுராவோட 14-ஆம் நம்பர் சட்டையை இனி யாருக்கும் இல்லன்னு எடுத்து வச்சுது. டைஃபாய்ட்ல இறந்த தோஷியோ குரோசாவாவோட 4-ஆம் நம்பரையும் அதோட சேர்த்தாங்க, ஜப்பான்ல நம்பரை அப்படி ஒதுக்கி வச்சது அது தான் முதல் தடவை. அதே வருஷம் சவாமுரா விருது ஆரம்பிச்சுது. 1959-ல பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் வந்தப்ப முதல் தொகுதியிலயே அவரு பேரு இருந்துச்சு, ஷோரிகியும் அதே தொகுதி. விருதுக்கு 2025 வரைக்கும் இருந்த அளவுகோல்ல 10 மேட்ச் முழுசா தனியா போட்டு முடிக்கணும், 200 இன்னிங்ஸ் போடணும்னு எல்லாம் இருந்துச்சு. பிட்சரைப் பாதுகாக்குற இந்தக் காலத்துல அதைத் தொடுறவங்களே கிடையாதுங்குற மாதிரி ஆயிடுச்சு, 2019-லயும் 2024-லயும் தகுதியானவங்க இல்லன்னு யாருக்குமே குடுக்கல. அளவைக் குறைக்கணுமான்னு அங்க வருஷா வருஷம் விவாதம் ஓடுச்சு. எனக்குக் குறைக்குறது தப்பா தெரியல. 56 மேட்ச்ல 244 இன்னிங்ஸ் போட வச்ச அந்த வழக்கத்தை அவரு பேர்ல காப்பாத்தணும்னு ஒண்ணும் இல்லையே.

டோக்கியோ டோம் வெளிய, போர்ல இறந்த ஆட்டக்காரங்களுக்கு ஒரு நினைவுக்கல் இருக்கு, சவாமுரா, ககெயுரா, இஷிமாரு எல்லாரும் அதுல இருக்காங்க. ஷிசுவோகாவுல குசனாகி மைதானத்துல அவருக்கும் ரூத்துக்கும் சிலை வச்சிருக்காங்க. சொந்த ஊரான இசேல ஒரு கல்லறையும் இருக்கு, உடம்பு கடல்லயே போச்சு. கல்லை ஒரு பேஸ்பால் மாதிரி உருண்டையா செதுக்கி இருக்காங்க, முன்பக்கம் ஜயன்ட்ஸோட எழுத்து, பின்பக்கம் 14.